ஸ்டென்ட் வைத்தாச்சு: நடை, மாத்திரை, மலையாள எழுத்து, இதில் எதை விடுவது, எதைப் பிடிப்பது?

கொழிஞ்சாம்பாறை மளிகை எழுதியது:

வணக்கங்க. நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மளிகைக் கடை. போன மாதம் நெஞ்சில் அடைப்பு என்று ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறேன். மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார், கல்லாவில்கூட இப்போதைக்கு உட்கார வேண்டாம் என்று மகன் அவனாகச் சேர்த்துக்கொண்டான்.

மகள் ஒரு டைம்டேபிள் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். காலை நடை, மூச்சுப் பயிற்சி, பிரஷர் பார்த்து எழுதுவது, மாத்திரை, மலையாள எழுத்து ஒரு மணி நேரம், மதியத் தூக்கம், மறுபடி நடை, மறுபடி மலையாளம், ராத்திரி மாத்திரை. மலையாளம் எதற்கு என்றால், பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் காலேஜ் பொள்ளாச்சியில். பேச்சில் குறை இல்லை, பாலக்காடு மார்க்கெட்டில் மொத்த வியாபாரியிடம் பேரம் பேசுவதே மலையாளத்தில்தான். ஆனால் படிக்கத் தெரியாது. பஞ்சாயத்து நோட்டீஸ் வந்தால் மகளைக் கூப்பிட வேண்டும், நில வரி ரசீது என்றால் மகனை. டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த சாப்பாட்டுக் குறிப்பும் மலையாளத்தில்தான் இருந்தது. வீட்டில் கிடக்கும் காலத்தில் இதையாவது முடிக்கலாமே என்று ஆரம்பித்தேன்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இப்போது காலை மாத்திரை போட்டு பத்து மணி ஆனால் கண்ணைச் சுழற்றுகிறது, நோட்டைத் திறந்தால் எழுத்து மண்டையில் ஏறுவதில்லை, அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் சரி இன்றைக்கு அவ்வளவுதான் என்று சாயங்கால நடையும் சேர்ந்து போகிறது. உடம்பு தேறும் காலத்தில் மொழி படித்தவர்கள், இல்லை வேறு ஏதாவது ஒன்றை விடாமல் செய்தவர்கள் இருந்தால் எப்படி ஓட்டினீர்கள் என்று சொல்லுங்கள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு வகை பதில் வேண்டாங்க, அது வாட்ஸப்பில் தினமும் வருகிறது.

பொள்ளாச்சி பிசியோ எழுதியது:

அண்ணா, முதலில் அந்தப் பேப்பரை பிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் மாத்திரையும் மலையாளமும் ஒரே வரிசையில் இருக்கின்றன. பிரச்சினையே அதுதான். ஒன்று தவறினால் எல்லாம் தவறியது போலத் தோன்றும், ஆனால் இரண்டும் ஒரே எடை உள்ள காரியங்கள் இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள், பெரும்பாலும் ஆஸ்பிரினும் கூடவே குளோபிடோகிரல் மாதிரி இன்னொன்றும் இருக்கும், அவற்றை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தக் கூடாது. புது ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி மறுபடி அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவைதான். பல்லைப் பிடுங்கப் போனாலும், வேறு டாக்டரே நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான். அதற்கு அடுத்தது நடை. இந்த இரண்டும் கட்டாயம். மற்றதெல்லாம் முடிந்தால் செய்வது.

நடை எவ்வளவு என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார், அதுதான் கணக்கு. பொதுவாக ஐந்து பத்து நிமிடத்தில் தொடங்கி, சமதரையில், சில நாளுக்கு ஒருமுறை சில நிமிடம் கூட்டி, அரை மணி நேரம் வரை கொண்டுபோவோம். வேகத்துக்கு வாட்ச்சில் நாடித் துடிப்பைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை கொடுத்திருந்தால் துடிப்பு குறைவாகத்தான் காட்டும், அதை நம்பி வேகம் கூட்டிவிடுவோம். நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் சரி, பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம். சாப்பிட்ட உடனே நடக்காதீர்கள், உங்கள் ஊர் பங்குனி சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் வெளியே போகவே போகாதீர்கள்.

பத்து மணிக்குக் கண்ணைச் சுழற்றுவது பிரஷர் இறங்குவதாலும் இருக்கலாம். அந்த நேரத்தில் ஒருமுறை பிரஷர் பார்த்து எழுதி வைத்து அடுத்த செக்கப்பில் காட்டுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ ஏறும் வலியோ வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அதை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. வேலந்தாவளம் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே நம்பர்தான்.

ஆனைமலை பென்ஷன் எழுதியது:

எனக்கு பைபாஸே ஆகியிருக்கிறது. நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். நான் எந்த மொழியும் படிக்கவில்லை, சீரியல் பார்த்துக்கொண்டு கிடந்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன். இப்போது எல்லோருக்கும் ஒரு வியாதி, எதையாவது சாதித்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால்கூட சும்மா படுக்கக் கூடாதாம். தம்பி, ஐம்பது வயதுக்கு மேல் படிக்காத எழுத்தை இப்போது படித்து என்ன பரீட்சை எழுதப் போகிறீர்கள்? மகள் படித்துச் சொல்கிறாள் இல்லையா, சொல்லட்டும். ஓய்வெடுங்கள்.

நகரி மருமகள் எழுதியது:

ஆனைமலை சாருக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். மகள் படித்துச் சொல்கிறாள் என்பது கேட்க எளிது. எனக்கு அரக்கோணம் பக்கம் பிறந்த வீடு, கல்யாணமாகி வந்தது நகரிக்கு. இங்கே தெருவில் பாதிப் பேர் தமிழ், தறி ஓட்டுகிறவர்களோடு தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம். ஆனால் புத்தூர் பஸ்ஸா திருப்பதி பஸ்ஸா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏற வேண்டும். ஸ்கூலில் பிள்ளையின் டைரியில் என்ன எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளையே எனக்குப் படித்துச் சொல்வான். அவனுக்கு வேண்டாததை அவன் படிக்க மாட்டான்!

எனக்குக் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, கனமான எதையும் தொடக் கூடாது என்றார்கள். அப்போதுதான் தெலுங்கு எழுத்து. அண்ணனுக்கு நான் சொல்வது இதுதான், மேஜை, நோட்டு, ஒரு மணி நேரம் என்ற ஏற்பாடே நோயாளிக்கு ஆகாது. எனக்கு உட்கார்ந்தால் தையல் இழுக்கும். அதனால் படுத்துக்கொண்டு பார்க்க முடிந்ததை மட்டும் படித்தேன். சுவரில் தெலுங்குக் கேலண்டர் தொங்கியது, கிழமைப் பெயர் ஏழும் எனக்கு வாயால் முன்பே தெரியும், எழுத்தைப் பார்த்து எது எதுவாக இருக்கும் என்று பொருத்திக்கொண்டே கிடப்பேன். அப்புறம் பருப்பு டப்பா, எண்ணெய் பாக்கெட், ஈநாடு பேப்பரின் தலைப்பு. தெலுங்கில் தலைக்கட்டு என்று எழுத்தின் தலையில் ஒரு டிக் இருக்கும், மெய்யெழுத்து இரட்டித்தால் இரண்டாவது எழுத்து கீழே ஒட்டிக்கொண்டு வேறு உருவத்தில் உட்காரும். ஒத்து என்பார்கள், அதுதான் என்னைப் படுத்தியது. அதற்கு மட்டும் மாமியாரைக் கேட்பேன். மாமியாருக்கும் எனக்கும் அதுவரை பேச ஒன்றும் இருந்ததில்லை, அது வேறு கதை.

வலி அதிகமாக உள்ள நாளில் கண்ணுக்கு வேலையே கொடுக்க மாட்டேன். ரேடியோவைப் போட்டுவிட்டு கண்ணை மூடிக்கொள்வேன். காதில் விழுந்தால் போதும், விழாவிட்டாலும் பரவாயில்லை. தூங்கிவிட்டால் அது இன்னும் நல்லது.

கோவை ஸ்ட்ரீக் எழுதியது:

ப்ரோ, ரொம்ப சிம்பிள். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும், இது அறிவியல். போனில் ஹேபிட் டிராக்கர் ஒன்று போட்டு தினமும் டிக் அடியுங்கள், சங்கிலி அறுந்துவிடக் கூடாது என்ற பயமே நம்மை ஓட வைக்கும். நான் ஜிம், ஜெர்மன் இரண்டையும் அப்படித்தான் பிடித்தேன். ஒரு நாள் விட்டால் ஜீரோவிலிருந்து ஆரம்பம், அந்தக் கண்டிப்பு வேண்டும்.

புளியரை நர்ஸ் எழுதியது:

கோவை தம்பி, உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போது அது சரி. இதய நோயாளிக்கு ஜீரோவிலிருந்து ஆரம்பம் என்று சொல்லாதீர்கள். நான் செங்கோட்டைக்கு இந்தப் பக்கத்து ஆள், வேலை ஆரியங்காவு தாண்டி கொல்லம் மாவட்டத்தில். வார்டில் தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். ஒரு நாள் காய்ச்சல் வந்து நடை தவறினவர், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் மாத்திரையையும் ஏனோதானோ என்று போட ஆரம்பிப்பார்.

அந்த 21 நாள் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960ல் எழுதினார். பழக்கம் பற்றிய ஆராய்ச்சி எதுவும் இல்லை அது, தன் நோயாளிகளிடம் அவர் கண்டது. பின்னால் வந்தவர்கள் குறைந்தது என்ற சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்து உண்மையிலேயே அளந்தார்கள், 2010ல் வெளிவந்தது. சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். சும்மா ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி ரொம்ப நாள் எடுத்தது. முக்கியமானது, இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. ஆக சங்கிலியும் இல்லை, அறுவதும் இல்லை.

மளிகை அண்ணாச்சி, உங்களுக்கு இரண்டு விஷயம். மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று தமிழில்தான் எழுதி வையுங்கள். மலையாளம் படிக்கிறோமே, இதிலும் பழகலாம் என்று சிலர் லேபிளை மாற்றுவார்கள். பாதி தெரிந்த எழுத்தில் மருந்து விளையாட்டு வேண்டவே வேண்டாம். எண்ணெய் பாக்கெட்டில் தப்பாகப் படித்தால் சிரித்துவிட்டுப் போகலாம், இதில் முடியாது.

இன்னொன்று, புத்தகத்தைத் திறந்தால் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வயதால் என்றோ மொழியால் என்றோ நினைக்காதீர்கள். இதய நோய் வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நல்ல மனச்சோர்வே வருகிறது. தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டம் இல்லாமல், கடை நினைப்புகூட இல்லாமல் இரண்டு வாரம் போனால் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். போனில் பேச மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, கேரளாவில் சுகாதார உதவி எண் திசா 1056, இரண்டும் இலவசம். நம் ஆண்கள் நெஞ்சு வலியைச் சொல்லுவார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

சோகநாசினிக் கரை எழுதியது:

சித்தூரில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பக்கத்து ஊர்க்காரருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மன்னிக்கவும்.

அகராதி வரிசையில் அ ஆ இ ஈ என்று ஆரம்பித்திருப்பீர்கள், அதில்தான் கை சலிக்கும். மலையாளத்தில் 51 அட்சரம் என்பார்கள். நம் கவுக்கு அங்கே நாலு, சவுக்கு நாலு என்று அடுக்கிப் போகும். அந்த நாலில் இரண்டாவதும் நாலாவதுமாக வரும் காற்றடிக்கும் எழுத்துகள் பெரும்பாலும் சமஸ்கிருதச் சொற்களில்தான் வரும், அவற்றை இப்போது தொடவே வேண்டாம். முதலில் உ, ஒ, ங, ண, ய, வ இவற்றை எடுங்கள். நம் எழுத்தின் சாயல் அப்படியே தெரியும், ஏனென்றால் மலையாள எழுத்து கிரந்தத்திலிருந்து வந்தது, கிரந்தமும் நம் எழுத்தும் நெருங்கிய உறவு. ழ, ற இரண்டும் ஓசையிலேயே உங்களுக்குச் சொந்தம், வேற்று மாநிலத்தான் அதில்தான் திணறுவான். அப்புறம் ஒற்று. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் ண், ன், ர், ல், ள் ஐந்துக்கும் தனி உருவம் வைத்திருக்கிறார்கள், சில்லு என்பார்கள். ஊர்ப் பெயர்களில் இது அடிக்கடி வரும். சித்தூர், திருச்சூர் இரண்டும் அதில்தான் முடிகின்றன.

ஆகவே பாடப் புத்தகத்தை மூடிவிட்டு பஸ் போர்டை எடுங்கள். பாலக்காடு, சித்தூர், திருச்சூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், எழுத்து மட்டும்தான் புதிது. இந்த மாதிரி ஊர்ப் பெயர்களிலேயே நிறைய எழுத்துகள் வந்துவிடும். அடுத்தது மாத்ருபூமி, மனோரமா தலைப்பு வரி. உள்ளே போக வேண்டாம், தலைப்பு மட்டும். பழைய பத்திரங்களில் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வேறு மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். 1971ல் அச்சுக்காக எழுத்தைப் பிரித்து எளிதாக்கினார்கள், அதற்கு முந்தையதை இப்போது படித்த மலையாளியே தடவித்தான் படிப்பான்.

உடம்பு தேறிய பிறகு கேரள சாட்சரதா மிஷனில், அதாவது எழுத்தறிவு இயக்கத்தில், பச்சை மலையாளம் என்று ஒரு படிப்பு இருக்கிறது, பள்ளியில் மலையாளம் படிக்காதவர்களுக்கென்றே. இப்போதே சேர வேண்டாம், வகுப்பு என்றால் நேரத்துக்குப் போக வேண்டும்.

நடக்க இடம் தேடினால் ஒருநாள் மகனோடு சித்தூர் தெற்குக் கிராமத்துக்கு வாருங்கள். துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து தங்கிய குருமடம் சோகநாசினி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. மலையாளத்துக்குத் தந்தை என்று அவர்கள் கும்பிடும் ஆள் பாதித் தமிழ் பேசுகிற தாலுகாவில் வந்து தங்கியிருக்கிறார். சமதரைதான், மரநிழலும் உண்டு.

ஆனைமலை பென்ஷன் எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்வதெல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. சித்தூர் தாலுகாவில் இவ்வளவு தமிழர்கள் இருக்கும்போது நோட்டீஸைத் தமிழில் கொடுக்க வேண்டியது சர்க்காரின் வேலையா, இதய நோயாளி மலையாளம் படிக்க வேண்டியது வேலையா? நாம் வளைந்துகொண்டே போனால் அவர்கள் எதற்குத் தமிழில் அச்சடிப்பார்கள்?

சோகநாசினிக் கரை எழுதியது:

நியாயமான கேள்விதான். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னட மக்கள் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், அந்த மொழியிலேயே பதில் வர வேண்டும் என்று இருக்கிறது, சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடத்து உள்ளூர் ஆபீஸுக்கும் சேர்த்து. நானே தமிழில் மனு எழுதி அனுப்பியிருக்கிறேன், அதை விடக் கூடாது. ஆனால் உரிமையைக் கேட்பதற்கும் எழுத்தைத் தெரிந்துகொள்வதற்கும் சண்டை எங்கே வந்தது? மனுவுக்கு வரும் பதில் மலையாளத்தில் இருந்தால் அதில் என்ன இல்லை என்று கண்டுபிடிக்கவாவது படிக்கத் தெரிய வேண்டாமா? இனி வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே எழாது, 2017 சட்டத்துக்குப் பிறகு பத்தாவது வரை எல்லாப் பள்ளியிலும் மலையாளம் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டது நம் தலைமுறைதான்.

இதைத் தனியாக ஒரு இழையில் பேசலாம், இங்கே நோயாளி காத்திருக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை மளிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. ஆனைமலை சார், உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் சொன்ன சீரியலை மலையாளத்தில் பார்க்கிறேன், கீழே ஓடும் எழுத்தைப் படிக்க முயற்சி, கதை ஒன்றும் விளங்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. மூச்சுப் பயிற்சியை வீட்டுக்காரி விட மாட்டேன் என்கிறாள், அதுவும் இருக்கட்டும், உட்கார்ந்து செய்வதுதானே.

பேப்பரை எடுத்துவிட்டேன். மகளுக்கு வருத்தம்தான், கலர் பேனாவில் எழுதியிருந்தாள். மாத்திரையும் பிரஷரும் மட்டும் ஒரு சின்னச் சீட்டில் இருக்கின்றன, தமிழில். மலையாளம் இப்போது நடையோடு ஒட்டிக்கொண்டது. காலையில் பிசியோ தம்பி சொன்னபடி பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா, தனியாக நடந்தால் யாரிடம் பேசுவது? அதனால் கடைத்தெருவில் கண்ணில் படும் மலையாளப் போர்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறேன். ஒரு போர்டை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். எழுத்து தெரியாமல் திக்கினேனா மூச்சு வாங்கித் திக்கினேனா என்பதில்தான் இன்னும் குழப்பம். டீக்கடைக்காரர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னும் சில சந்தேகம். கர்க்கிடக மாதம் வரப்போகிறது, வீட்டில் மருந்துக் கஞ்சி வைப்பார்கள், குடிக்கலாமா? உறவுக்காரர் ஒருவர் மருதம்பட்டைக் கஷாயம் குடி, மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிறார். கடைசியாக, எங்கள் தாலுகா எதற்குப் பேர் போனது என்று உங்களுக்கே தெரியும். தென்னங்கள்ளு இயற்கைதானே, அது ஆகுமா என்று சிநேகிதர்கள் கேட்கச் சொன்னார்கள். எனக்காக இல்லை.

பொள்ளாச்சி பிசியோ எழுதியது:

சிநேகிதர்களுக்குச் சொல்லுங்கள், கள்ளிலும் இருப்பது ஆல்கஹால்தான், மரத்திலிருந்து இறங்கினால் வேறாகிவிடாது. இந்த மாத்திரைகளோடு வேண்டாம்.

மாத்திரையைப் பாதியாக்குவது பற்றி யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள், இது ஒன்றில் மட்டும் நான் கோபப்படுவேன். மருதம்பட்டையோ, பூண்டு மாத்திரையோ, எதுவானாலும் ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். கர்க்கிடகக் கஞ்சியிலும் இதே கதைதான். வெறும் நவரை அரிசியும் வெந்தயமும் போட்ட கஞ்சி என்றால் ஒரு மாதிரி, கடையில் விற்கும் மருந்துப் பொடிப் பாக்கெட் என்றால் உள்ளே இருபது முப்பது மூலிகை இருக்கும். அந்தப் பாக்கெட்டையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இப்போது நீங்களே லேபிளைப் படிக்கலாம், அதற்கும் ஆகும்.

உண்மையில் உங்கள் சாப்பாட்டில் நான் பயப்படுவது கஞ்சியை இல்லை, அதற்குத் தொட்டுக்கொள்வதை. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதாவது ஒரு சின்ன ஸ்பூன். பப்படம், மாங்காய் ஊறுகாய், கருவாடு, கொண்டாட்டம் மிளகாய், இந்த நாலும் சேர்ந்தால் மதியத்துக்குள் அந்த ஸ்பூன் காலி. பாலக்காட்டு வீட்டில் பப்படத்தை நிறுத்தச் சொல்வது பாவம் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

போர்டு படிக்கும் யோசனை அருமை. என் பேஷன்ட்களுக்கும் சொல்லப் போகிறேன். ஆனால் பொள்ளாச்சி பாலக்காடு ரோட்டில் செய்யாதீர்கள், லாரிக்காரன் உங்களுக்கு எழுத்துக் கூட்ட நேரம் தர மாட்டான். உள் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோவை ஸ்ட்ரீக் எழுதியது:

சரி, சங்கிலியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் படித்த எழுத்து மறந்துபோகும் பிரச்சினைக்கு ஒன்று சொல்லலாமா? ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்று ஒருவர், 1885லேயே தன்னையே வைத்துச் சோதித்து எழுதியது. படித்தது முதல் நாளிலேயே நிறைய மறந்துவிடும், இடைவெளி விட்டு விட்டுத் திரும்பிப் பார்த்தால் மறப்பது குறையும். அதனால் அண்ணன் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்காருவதைவிட, அதே போர்டை நாளைக்கு ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை பார்த்தால் போதும். ஒரே தெருவில் நடந்தால் அது தானாகவே நடக்கும். ஆப்கூட வேண்டாம், இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நகரி மருமகள் எழுதியது:

அண்ணா, மகளை விட்டுவிடாதீர்கள். டைம்டேபிள் போனாலும் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ராத்திரி மாத்திரை போடும்போது ஒரு தலைப்பு வரியை அவள் மனதுக்குள் படிக்கட்டும், நீங்கள் சத்தமாகப் படியுங்கள், தப்பு வந்தால் மட்டும் அவள் வாய் திறக்கட்டும். என் பையனிடம் இப்படித்தான் டைரி விவகாரம் தீர்ந்தது. இப்போது ஸ்கூலில் பேனாவைத் தொலைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடுகிறது என்று அவனுக்குத்தான் கஷ்டம்.

கொழிஞ்சாம்பாறை மளிகை எழுதியது:

மகளிடம் சொன்னேன், ஒத்துக்கொண்டாள். தலைப்பு வரிக்குப் பதில் பஞ்சாயத்து நோட்டீஸ் பழையது ஒரு கட்டு இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறாள். அதில் கூட்டெழுத்து நிறைய, ஒரு வரிக்கே ராத்திரி ஆகிவிடும் போலிருக்கிறது. வாத்தியார் ஐயா, குருமடத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று மகன் சொல்கிறான், காலை ஏழு மணிக்கெல்லாம் வந்தால் திறந்திருக்குமா? பிசியோ தம்பி, பத்து மணிக்குப் பிரஷர் பார்த்தேன், காலையில் இருந்ததைவிட நன்றாகவே இறங்கித்தான் இருக்கிறது, எழுதி வைத்திருக்கிறேன். செக்கப் வரை பொறுக்கலாமா, போன் செய்து கேட்க வேண்டுமா?

பொள்ளாச்சி பிசியோ எழுதியது:

போன் செய்யுங்கள், இன்றைக்கே. எழுதி வைத்த நம்பர்களை அப்படியே படித்துச் சொல்லுங்கள், எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்து. பெரும்பாலும் நேரத்தை மாற்றிக் கொடுப்பார்கள், இல்லை அளவைப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லும் வரை எதையும் நீங்களாக மாற்றாதீர்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.

சோகநாசினிக் கரை எழுதியது:

ஏழு மணிக்கு வாருங்கள், நான் வாசலில் இருக்கிறேன். திறந்திருக்காவிட்டால் ஆற்றங்கரையில் நடப்போம். போன் செய்துவிட்டு வாருங்கள், எனக்கில்லை, டாக்டருக்கு.